ரீசேல் பிளாட்: சொத்து வரியும் மெயின்டனன்ஸும் யார் தலையில்? பார்த்த கேஸ்களைப் போடுங்கள்

கணக்குப்பிள்ளை:
பத்திரப்பதிவு அலுவலகத்தில் டோக்கன் கூப்பிட்டாகிவிட்டது. விற்பவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். சண்டை வெறும் 134 ரூபாய்க்கு. சென்னை மாநகராட்சி பிளாட், அரையாண்டு வரி 3,640. அக்டோபர் முதல் மார்ச் வரை 182 நாள், ஆக நாளுக்கு 20. பத்திரம் நவம்பர் 18. விற்பவருக்கு 48 நாள், வாங்குபவருக்கு 134 நாள், எனவே முழு வரியையும் கட்டிய தனக்கு 2,680 வேண்டும் என்றார் விற்பவர். வாங்குபவர் ரசீதை நீட்டினார். அக்டோபருக்குள் கட்டியதால் 5% தள்ளுபடி போக, கட்டியதே 3,458தான். நாளுக்கு 19, ஆக 2,546. வாங்குபவர் சொன்னதுதான் நியாயம். டிமாண்ட் தொகையை (மாநகராட்சி கேட்ட முழு வரியை) அல்ல, ரசீதில் இருப்பதைத்தான் பிரிக்கணும். லீப் வருஷம் என்றால் 183 ஆல் வகுங்கள்.

மூணாம்மாடி:
@கணக்குப்பிள்ளை, ரசீது சரி. 18ஆம் தேதி யாருடையது? அதை வாங்குபவர் தலையில் வைத்துத்தான் 134 வருகிறது. இதை அக்ரிமென்டிலேயே எழுதியிருந்தால் பேனா மூடியிருக்காது.

வரிக்காவது 1882ஆம் வருட சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கிரயத் தேதி வரை சேர்ந்த பொது வரிகள் விற்பவருக்கு, உரிமை கைமாறிய பிறகு வருவது வாங்குபவருக்கு. அசோசியேஷன் மெயின்டனன்ஸ் பொது வரி கிடையாது, அது நீங்கள் எழுதிக்கொள்வதுதான். பத்திரம் நவம்பரில், சாவி டிசம்பரில் என்றால் இடைப்பட்ட மாத மெயின்டனன்ஸ் யாருக்கு என்று அக்ரிமென்டில் ஒரு வாக்கியம் போடுங்கள். கார்ப்பஸ் ஃபண்ட் (அசோசியேஷனிடம் இருக்கும் பொதுச் சேமிப்பில் விற்பவர் போட்ட பங்கு) விலையில் அடக்கமா, தனியாகத் திருப்பித் தரணுமா என்று இன்னொரு வாக்கியம். மெட்ரோ வாட்டருக்கு (சென்னைக் குடிநீர் வாரியம்) தனி ரசீது, தனிப் பெயர் மாற்றம். மாநகராட்சியில் மாற்றினால் அங்கே தானாக மாறும் என்று இருந்துவிடாதீர்கள். பழைய பாக்கி இருந்தால் நோட்டீஸ் வீட்டுக்குத்தான் வரும், விற்றவரைத் தேடிப் போகாது. அதனால் வரி எண்ணைப் போட்டு ஆன்லைனில் பாக்கி பார்ப்பது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், பத்திரத்தன்று காலையில் அல்ல.

(கேட்காமலே சொல்கிறேன்: சாவி வாங்கும்போது ஈபி மீட்டரை போட்டோ எடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் கணக்கு, அதாவது யூனிட் கூடினால் யூனிட் விலையும் ஏறும். பாதியில் கைமாறினால் இரண்டு பேர் யூனிட்டும் கூடி மேல் ஸ்லாபுக்குப் போய்விடும்.)

லிஃப்ட்_பக்கத்து_வீடு:
எல்லாம் எழுதியும் மாட்டிய கேஸ் ஒன்று. செக்ரெட்டரி கொடுத்த நோ டியூஸ் லெட்டரில் "மாத மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை" என்று மட்டும் இருந்தது. பத்திரம் முடிந்து மூன்றாவது வாரம், புது லிஃப்டுக்கு 45,000 கட்டச் சொல்லி வாங்கியவர் கதவில் நோட்டீஸ். தீர்மானம் போட்டது பத்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, அந்தக் கூட்டத்தில் விற்றவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! "பில் வந்தது உங்கள் காலத்தில்தானே" என்று போனை வைத்துவிட்டார். மூணாம்மாடி சொன்ன இரண்டு வாக்கியத்தோடு மூன்றாவதாகச் சேருங்கள்: பத்திரத் தேதிக்கு முன் தீர்மானமான சிறப்பு வசூல், பில் எப்போது வந்தாலும் விற்பவருடையது. லெட்டரோடு கடைசி ஒரு வருஷ மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) நகலையும் செக்ரெட்டரியிடம் கேளுங்கள், தர யோசித்தால் பத்திரத் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.