எக்செல் ரோஸ்டரில் நைட் டியூட்டிக்கு மட்டும் ##### வருது, உதவுங்கோ

கடலோரப் பொடியன்:
திருகோணமலை உப்புவெளியில எட்டு றூம் உள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறன், வேலைக்கு ஆறு பேர். மே தொடங்கி செப்டம்பர் மட்டும் சீசன், மூச்சு விட நேரமில்லை. டியூட்டி முடியிற நேரத்தில இருந்து தொடங்கின நேரத்தைக் கழிச்சு எக்செலில மணி எடுக்கிறன். இரவு 10க்கு வந்து விடிய 6க்குப் போற பொடியனுக்கு மட்டும் #####. கட்டத்தை அகலமாக்கியும் பார்த்தன், சரிவரேல்ல. ரிசப்ஷன் தங்கச்சியின்ர கிழமைக் கூட்டு 21:00 எண்டு காட்டுது. அவவுக்குக் காட்டினா அடிக்க வருவா.

கணக்குப்பிள்ளை:
6இல 22ஐக் கழிச்சா மைனஸ். எக்செல் மைனஸ் நேரத்தைக் காட்டாது. கழித்தலை மொட் (MOD) பங்ஷனுக்குள்ள போட்டு, கமா வைச்சு 1 எண்டு குடுங்கோ. எக்செலுக்கு ஒரு நாள் எண்டா 1, அதால நள்ளிரவு தாண்டினாலும் 8 மணித்தியாலம் வரும்.
தங்கச்சிக்கு உண்மையில 45. 24 தாண்டினதும் மணிக்கூடு மாதிரித் திரும்ப பூச்சியத்தில தொடங்குது, மிச்சம் 21. கஸ்டம் ஃபோர்மட்டில மணிக்குரிய h எழுத்தைச் சதுர அடைப்புக்குள்ள, [h]:mm எண்டு போட்டா முழுசாக் காட்டும். சாப்பாட்டு நேரத்தையும் கழிச்சிருக்கிறீங்களோ?

கடலோரப் பொடியன்:
ஓம், அவவுக்கு ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான். அண்ணா, இன்னொண்டு. போன வியாழன் இரவு ரெண்டு பேர் வந்து நிண்டினம், வெள்ளி ஒருத்தரும் இல்லை. வாட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டுத் தங்களுக்குள்ள மாத்தியிருக்கினம்.

நிலாவெளி அக்கா:
எங்கட இடத்திலயும் இதே கூத்துத்தான் தம்பி. இப்ப ஒரே சட்டம்: நான் தாளில வெட்டி எழுதினாத்தான் மாத்தம். ரிசப்ஷனுக்குப் பின்னால ஒட்டியிருக்கிற அந்தத் தாளைப் படமெடுத்து குறூப்பில போடுவன், வொய்ஸ் கணக்கில இல்லை. கிண்ணியாப் பொடியன்கள் இருந்தா வெள்ளி மத்தியானம் ஜும்மாவுக்கு விடவேணும். செக் அவுட்டும் அந்த நேரந்தான், அதால வெள்ளிக்கிழமையை முதல்ல நிரப்பிப்போட்டு மற்ற நாளுக்குப் போங்கோ. ஓ, அந்த நைட் பொடியன் கிழமைக்கு எத்தினை இரவு?

கடலோரப் பொடியன்:
ஆறு. அவன் ஒண்டும் சொல்லமாட்டான், நல்ல பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
நல்ல பிள்ளையெண்டு ஆறு இரவோ! அப்ப 48 வருது. 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில கிழமைக்கு 45 மணித்தியாலம், ஒன்றரை நாள் லீவு. கூடினதுக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம். நீங்கள் அதுக்குள்ளயோ, ஹோட்டல் சம்பளச் சபைக்குள்ளயோ எண்டு தொழில் திணைக்களத்தில ஒருக்கா கேளுங்கோ. கையோட போயா எண்ட பௌர்ணமி லீவையும் ரோஸ்டரில குறியுங்கோ, அண்டைக்கு வேலை வாங்கினாலும் ஒன்றரை மடங்கு.

கடலோரப் பொடியன்:
மொட் வேலை செய்யுது. தங்கச்சிக்கு 45:00, அவனுக்கு 48:00. ##### ஆ இருந்த மட்டும் எனக்கு இது தெரியேல்ல. இந்தச் சனி இரவு ரிசப்ஷனில நான்தான். நுளம்புத்திரி வாங்கி வைச்சிட்டன்.