ஒரே சிவப்புக் கோரை, பாயில் இரண்டு நிறமாகத் தெரிகிறது. சாயக் கோளாறா?

பத்தமடைக்காரி:
கல்யாணப் பாய் ஒன்று நெய்து முடித்திருக்கிறேன். ஒரு கரையில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி மெல்லிய கோடு. மறு கரையில் சிவப்பும் நீலமும். சிவப்பு எல்லாம் ஒரே தடவையில் சாயம் ஏற்றிய கோரைதான். ஆனால் மஞ்சள் பக்கம் செங்காவியாகவும், நீலப் பக்கம் கத்தரிப்பூ கலந்த மாதிரியும் தெரிகிறது. நீலச் சாயம் இறங்கிவிட்டது என்று சொல்லி, வாங்க வந்தவர் எடுக்க மாட்டேன் என்கிறார். பிரிக்கத்தான் வேண்டுமா?

வீரவநல்லூர் தறி:
பிரிக்காதீர்கள் அக்கா. வெள்ளைத் துணியை நனைத்து நீலக் கோட்டில் தேய்த்துப் பாருங்கள். விளக்கில் பார்க்காமல் வெயிலிலும் பாருங்கள்.

பத்தமடைக்காரி:
துணியில் ஒட்டவில்லை தம்பி. வெயிலிலும் அப்படியேதான் தெரிகிறது.

சாயக்கார அண்ணாச்சி:
அப்படியானால் சாயம் நல்ல சாயம்தான். ஒரு அட்டையில் இரண்டு சின்னத் துளை போட்டு, இரண்டு கரையின் சிவப்பு மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். ஒரே நிறம் தெரியும்.

கோடுகள் மெல்லியதாக நெருங்கி இருந்தால், பக்கத்து நிறத்தைக் கண் நம் நிறத்தோடு கலந்துகொள்ளும். ஜெர்மனியில் பெட்சோல்டு என்ற வானிலை அறிஞர், விரிப்பில் ஒரு நிறத்தை மாற்றினால் மற்ற நிறங்களும் மாறித் தெரிவதை 1874இல் எழுதினார். அகலப் பட்டையில் நடப்பது இதற்கு நேர் எதிர். பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் மங்கல் என்று புகார் வந்தது. சாயப் பொறுப்பிலிருந்த செவ்ரல் சோதித்தால் நூலில் குறையே இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் காரணம். 1839இல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

பத்தமடைக்காரி:
அட்டை வைத்ததும் ஒரே சிவப்பு, அண்ணாச்சி! அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். அடுத்த பாய்க்கு என்ன செய்யட்டும்?

சாயக்கார அண்ணாச்சி:
சிவப்புப் பட்டையை இரண்டு விரற்கடைக்கு அகலமாக்குங்கள், கலப்பு குறையும். மெல்லிய கோடுதான் வேண்டும் என்றால் இரண்டு கரைக்கும் ஒரே துணை நிறம் போடுங்கள். முதலில் ஒரு சாண் மாதிரி நெய்து, எட்ட நின்றும் பாருங்கள். தள்ளிப் போகப் போகக் கோடு இன்னும் மெலிந்து தெரியும், கலப்பும் கூடும்.

வீரவநல்லூர் தறி:
வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் கிட்ட வைத்து எடுங்கள் அக்கா. படம் சுருங்கும்போது மெல்லிய கோடுகள் நிஜமாகவே ஒன்றோடொன்று கலந்துவிடும், அப்புறம் அட்டை வைத்தாலும் காட்ட முடியாது.