தென்னாட்டில் பிராந்திக்கு மட்டும் ஏன் இவ்வளவு செல்வாக்கு?

கெடிலக்கரை எழுதியது:

இந்தியாவில் விற்கும் பிராந்தியின் பெரும்பகுதி தென் மாநிலங்களிலும் புதுச்சேரியிலுமே தீர்ந்துவிடுகிறது. வடக்கே விஸ்கியைக் கேட்டு வாங்கும் அதே வருமானமுள்ள மனிதர் இங்கே பிராந்தியைக் கேட்கிறார். இந்த வேறுபாட்டுக்குப் புதுச்சேரிதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. பிராந்தி என்றாலே பிரான்சின் கொன்யாக் வட்டாரம் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் ஆட்சி 1954 வரை நம் கரையிலேயே இருந்தது. 1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மதராஸ் மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது, குடிக்க விரும்பியவர்களுக்கு மிக அருகில் திறந்திருந்த கதவு புதுச்சேரி. கடலூரிலிருந்து வடக்கே புறப்பட்டால் சிறிது நேரத்தில் கன்னியக்கோயில் வந்துவிடும். அங்கிருந்து அந்தப் பக்கத்துச் சட்டம். வயலுக்கு வயல் எல்லை மாறும் அந்த நிலப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பழக்கம் எல்லை தாண்டி வருவது எவ்வளவு எளிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தாமிரபரணி எழுதியது:

கெடிலக்கரை அவர்களின் விளக்கம் கேட்க அழகாக இருந்தாலும் காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிராந்தி இந்தியாவுக்குப் பரவலாக வந்தது ஆங்கிலேயர் வழியாகத்தான். தண்ணீர் கலந்த பிராந்தியை ‘பிராந்தி பானி’ என்று அழைத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து சென்னை வரை கம்பெனி அதிகாரிகள் குடித்திருக்கிறார்கள். பின்னாளில் விஸ்கியால் பெயர் பெற்ற மெக்டொவல் நிறுவனம் 1826-இல் இதே சென்னையில், சீமைச் சரக்குகளை இறக்குமதி செய்யும் வணிகமாகத்தான் தொடங்கியது. பிற்பாடு பிலோக்சரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழிக்கத் தொடங்கியதும் கொன்யாக்கின் வரத்து சுருங்கி விலை ஏறியது; பிரிட்டனின் மேல்தட்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்ச் விஸ்கிக்கு மாறியது; அவர்களைப் பார்த்து இந்தியாவின் மேல்தட்டும் மாறியது. ஆகவே ‘தெற்கே பிராந்தி எப்படி வந்தது’ என்பது சரியான கேள்வியே அல்ல. நாடெங்கும் வந்த பிராந்தி வடக்கே ஒதுங்கிப்போக, தெற்கே மட்டும் ஏன் நிலைத்தது என்பதே கேள்வி. குண்டூரிலும் கோட்டயத்திலும் பிராந்தி விற்பதற்குப் புதுச்சேரி எப்படிப் பொறுப்பாகும்?

பழைய கம்பவுண்டர் எழுதியது:

தாமிரபரணி கேட்ட கேள்விக்கு நான் வேலை பார்த்த மருந்தறையிலிருந்து பதில் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் பார்மகோப்பியா என்ற அதிகாரபூர்வ மருந்து நூலில் பிராந்தி முறையான மருந்தாக இடம்பெற்றிருந்தது. அதில் ஒரு கலவைக்கே செய்முறை உண்டு: பிராந்தியும் இலவங்கப்பட்டை நீரும் சம அளவு, இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, அரை அவுன்ஸ் சர்க்கரை. மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் முதலில் நன்றாகக் குழைத்து, பட்டை நீரை ஊற்றி, பிறகே பிராந்தியைச் சேர்க்க வேண்டும். காய்ச்சலில் துவண்டு கிடந்தவருக்கும் நாடி தளர்ந்தவருக்கும் இதைக் கொடுத்தார்கள். மிஷன் மருத்துவமனைகளும் அரசு ஆஸ்பத்திரிகளும் வளர்ந்த காலத்தில் இந்த அறிவு மருத்துவரிடமிருந்து மருத்துவச்சிக்கும், மருத்துவச்சியிடமிருந்து பாட்டிமார்களுக்கும் இறங்கியது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு கரண்டி, சளி பிடித்த குழந்தையின் மார்பில் தடவச் சில துளிகள் என்று, கள்ளின் வாசனையே ஆகாத வீடுகளில்கூட அலமாரியின் மேல்தட்டில் ஒரு சிறு புட்டி இருந்தது. மதுவிலக்குக் காலத்திலும் உடல்நலக் காரணம் காட்டி, மருத்துவச் சான்றுடன் பர்மிட் வாங்க வழி இருந்ததால், மருந்து என்ற அந்தப் பெயர் மேலும் கெட்டிப்பட்டது.

இன்றைய மருத்துவம் இவற்றில் எதையும் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மது உள்ளே போனதும் தோலடி இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு ஏறுவதுபோல் தோன்றுமே தவிர, உண்மையில் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. குழந்தைக்கு இதைக் கொடுப்பது ஆபத்து. நான் சொல்வது நம்பிக்கை பரவிய வரலாற்றை மட்டுமே.

பாலக்காட்டான் எழுதியது:

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பார்மகோப்பியா மதராஸ் மாகாணத்துக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. லாகூர் மருத்துவமனையிலும் அதே நூல்தான் இருந்தது. பர்மிட்டை எடுத்துக்கொண்டால் பம்பாய் மாகாணம் இன்னும் வலுவான எதிர்ச்சான்று. அங்கே 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உடல்நலக் காரணத்துக்காகப் பர்மிட் தரும் முறையை விரிவாகவே வைத்திருந்தது. மருந்து என்ற பெயரும் மதுவிலக்கும் பர்மிட்டும் சேர்ந்தால் பிராந்தி நாடு உருவாகிவிடும் என்றால், மும்பை இன்று பிராந்தி நகரமாக இருக்க வேண்டும். அப்படி இல்லையே!

பழைய கம்பவுண்டர் எழுதியது:

பம்பாயில் பர்மிட்டை நாடியவர் பெரும்பாலும் நகரத்து வசதி படைத்தவர். அவர் கையில் ஏற்கெனவே விஸ்கி இருந்தது. நான் பேசுவது பர்மிட் வாங்கவே வழியில்லாத வீடுகளைப் பற்றி. அந்த வீட்டு ஆண்மகன் மதுவிலக்குக் காலத்தில் டிஞ்சரையும் வார்னிஷையும் குடித்துக் கண்ணையும் உயிரையும் இழந்ததைப் பார்த்த தலைமுறை இங்கே உண்டு. கள்ளச் சாராயம் ஆளைக் கொல்லும், பிராந்தி திராட்சையில் செய்தது, உடம்புக்குக் கேடில்லை என்ற பேச்சு அந்தப் பயத்தில்தான் வேர் பிடித்தது. ‘குடித்தே தீர வேண்டுமென்றால் பிராந்தியாவது குடி’ என்று தாய்மார்களே சொன்ன ஊர்கள் எனக்குத் தெரியும். விஸ்கிக்கு அந்தச் சலுகையை எந்தத் தாயும் கொடுத்ததில்லை.

தாமிரபரணி எழுதியது:

‘திராட்சையில் செய்தது’ என்ற நம்பிக்கையைத்தான் நாம் ஆராய வேண்டும். நம் கடைகளில் விற்கும் மலிவான பிராந்தி, விஸ்கி, ரம் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் அடிப்படை ஒன்றே. அது மொலாசஸ் என்ற கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடிக்கப்படும் சுத்திகரித்த எரிசாராயம். அதில் சிறு அளவு திராட்சை வடிநீரும் நிறமும் மணமும் சேர்த்து, 42.8 சதவீத வலிமைக்குத் தண்ணீர் கலந்து அடைத்தால் பிராந்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி இதைப் பிராந்தி என்று அங்கே விற்கவே முடியாது. ஆங்கிலேயர் காலத்தில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை ஒட்டி வடிக்கப்பட்ட சாராயமும் கரும்பின் வழிவந்ததுதான். எனவே, சாராயம் குடித்தவரும் இன்று மலிவான பிராந்தி குடிப்பவரும் குடிப்பது ஏறத்தாழ ஒரே பொருளை.

இங்கிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு நீக்கப்பட்டு, 1973-74-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981-இல் கள்ளும் சாராயமும் மறுபடி திறந்துவிடப்பட்டன. 1983-இல் எம்.ஜி.ஆர். அரசு மதுவின் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக்கைத் தொடங்கியது. 1987-இல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் மூட்டிய போராட்டத்தின் விளைவாக 1993-இல் சாராயம் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1996, கர்நாடகத்தில் 2007. நான்கு மாநிலங்களும் ஏழைகளின் சாராயத்தை மூடின. ஆலைகளில் அடைத்த புட்டிச் சரக்கோ ஆந்திரத்தின் சில ஆண்டுகள் நீங்கலாகக் கடைகளில் தொடர்ந்தது. வடக்கின் பல மாநிலங்களில் நாட்டுச் சாராயம் இன்றும் உரிமம் பெற்றே விற்கிறது. அங்கே விஸ்கி என்பது ஒரு படி மேலே ஏறியவரின் குடி. இங்கே அந்தக் கீழ்ப்படியையே எடுத்துவிட்டார்கள். அன்றாடக் கூலி வாங்கும் இலட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் புட்டிச் சரக்குக்குத் தள்ளப்பட்டபோது, கம்பவுண்டர் ஐயா சொல்கிற நல்ல பெயருடன் மலிவு விலையில் காத்திருந்தது பிராந்தி. தென்னாட்டின் பிராந்தி மோகம் என்று நாம் அழைப்பதன் பெரும்பகுதி, சாராயக் கடைகளை மூடியதால் உண்டான கணக்கு. 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே போன பிறகு, கடையில் என்ன அடுக்கப்படுகிறதோ அதுவே மக்களின் விருப்பம் என்று எழுதப்படும் நிலை வந்துவிட்டது. அரசு உண்டாக்கிய ஒரு பழக்கத்தை மக்களின் நாக்குச் சுவை என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

பாலக்காட்டான் எழுதியது:

உங்கள் கணக்கு தமிழ்நாட்டுக்குப் பொருந்தலாம். எங்கள் பக்கத்துக்கு அப்படியே பொருந்தவில்லை. கேரளத்தில் சாராயத்தை மூடியபோது ரம்மும் பிராந்திக்குச் சமமாக வளர்ந்தது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் அங்கே நிறைய. விடுமுறையில் வரும் படைவீரர் கேன்டீன் ரம்முடன்தான் வருவார். மேலும் கள் அங்கே மூடப்படவே இல்லை. ஆகவே சாராயத்தை மூடினால் மக்கள் புட்டிக்குப் போவார்கள் என்பது வரைதான் சட்டத்தால் சொல்ல முடியும். எந்தப் புட்டிக்குப் போவார்கள் என்பதை வீட்டில் முன்பே எது நுழைந்திருந்தது என்பதுதான் தீர்மானித்தது. அந்த இடத்தில் நான் கம்பவுண்டர் ஐயாவின் பக்கம் சாய்கிறேன்.

கெடிலக்கரை எழுதியது:

வீட்டில் முன்பே எது நுழைந்திருந்தது என்று பாலக்காட்டான் கேட்டுவிட்டதால் புதுச்சேரியை மறுபடி முன்வைக்கிறேன். குண்டூருக்கும் கோட்டயத்துக்கும் அது பொருந்தாது என்பதை மறுக்கவில்லை. வட தமிழகத்துக்குப் பொருந்தும் என்பதை எவரும் மறுக்க முடியாது. சென்னையிலும் கடலூரிலும் விழுப்புரத்திலும் 1948 முதல் 1971 வரை வயதுக்கு வந்த ஒரு முழுத் தலைமுறைக்கு, சட்டத்துக்கு உட்பட்டுத் திறந்திருந்த ஒரே கடைத்தெரு புதுச்சேரியில் இருந்தது. கள் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வர முடியாது. பொழுது சாய்வதற்குள் புளித்துவிடும். மடியில் மறைத்துக் கொண்டுவரக் கூடியது மூடி திறக்காத சிறு புட்டி மட்டுமே. சோதனைச் சாவடியில் பிடிபட்டாலும், வீட்டில் நோயாளி இருக்கிறார், மருந்துக்காக வாங்கினேன் என்று சொல்லக்கூடிய ஒரே சரக்கு பிராந்தி. தாமிரபரணி சொல்லும் 1987-க்கு வெகுகாலம் முன்பே, முத்திரையிட்ட புட்டியைத் தேடிப்போகும் பழக்கம் எங்கள் மாவட்டத்தில் இப்படித்தான் உருவானது. சாராயக் கடை மூடிய அன்று அந்த மனிதர்கள் எதைக் கேட்பது என்று யோசித்து நிற்கவில்லை.