ரீபில்ட் செய்த எம்.ஜி.ஏ இஞ்சினில் வேறு வண்டிச் சாமான் கலந்திருக்கிறதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பள்ளத்தூர்_பேரன்:

வணக்கம். எங்கள் ஐயா (தாத்தா) 1961இல் மதராஸில் ஒருவரிடம் வாங்கிய எம்.ஜி.ஏ 1500 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் பள்ளத்தூர் வீட்டில்தான் இருக்கிறது. 1489 சி.சி. இஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு. ஐயா இருந்தவரை வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகையைத் திறந்து, கானாடுகாத்தான் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்துதான் பலகாரம் சாப்பிடுவார். அவருக்குப் பிறகு 20 வருடத்துக்கு மேல் அப்படியே நின்று இஞ்சின் இறுகிப்போனது. போன வருடம் அப்பச்சியும் (அப்பா) நானும் பேசி, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் முழு ரீபில்டுக்குக் கொடுத்தோம். 14 மாதம் கழித்து வண்டி வந்தது. ஸ்டார்ட் ஆகிறது, சத்தமும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குன்றக்குடி ரோட்டில் 70 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் கியர் ராடு உள்ளங்கையில் நடுங்குகிறது, வேகம் கூடக் கூட பலகை முழுக்க அதிர்கிறது.

பிளக்கைக் கழற்றினால் 1, 2ஆம் சிலிண்டரில் நல்ல பழுப்பு நிறம், 3, 4 கரி பிடித்துக் கறுப்பு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பி.எஸ்.ஐ. கணக்கில்) பார்த்தேன்: 1ல் 152, 2ல் 126, 3ல் 150, 4ல் 124. கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தாலும் அதே அளவுதான். பட்டறையில் கேட்டால் பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். பழைய சாமான்களை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதில் பிஸ்டன் நாலும் இருக்கிறது, கூடவே பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்றே ஒன்றும் கிடக்கிறது. அது ஏன் அங்கே வந்தது என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி இஞ்சினை இறக்க மனசு வரவில்லை. இறக்காமல் என்ன பார்க்க முடியும்?

தேவகோட்டை_லேத்:

தம்பி, நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விஷயம் இருக்கிறது. கம்ப்ரஷன் குறைவது 2லும் 4லும். கரி பிடிப்பது 3லும் 4லும். ஜோடி மாறுகிறது பாருங்கள், அப்படியென்றால் இது ஒரே கோளாறு இல்லை, இரண்டு. தனித்தனியாகத் தேடுங்கள்.

முதலில் கரியைப் பார்ப்போம், அது சுலபம். இந்த ஹெட்டில் 1க்கும் 2க்கும் சேர்த்து ஒரு இன்லெட் வழி, 3க்கும் 4க்கும் சேர்த்து ஒன்று. முன் கார்புரேட்டர் அநேகமாக 1, 2ஐ ஊட்டும், பின்னது 3, 4ஐ. ஆகவே பின் கார்புரேட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடுகிறது. மேலே இருக்கும் டப்பாவைக் கழற்றி, உள்ளே இருக்கும் கார்புரேட்டர் பிஸ்டனிலிருந்து, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை உருவிப் பாருங்கள். ஊசியின் தடித்த பக்கத்தில் எழுத்து அடித்திருக்கும். உங்கள் வண்டிக்கு ஜி.எஸ். என்று இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே எழுத்து. ஒன்றில் வேறு எழுத்து இருந்தால் எவ்வளவு டியூன் செய்தாலும் நிற்காது.

அடுத்தது கம்ப்ரஷன். ஆயில் விட்டும் ஏறவில்லை என்பதால் பிஸ்டன் ரிங் பக்கம் போக வேண்டாம். வால்வு கசிவு என்றால் இரண்டு சிலிண்டரும் இப்படிச் சொல்லிவைத்தது போல ஒரே அளவில் குறையாது. எனக்குப் பிஸ்டன் மேல்தான் சந்தேகம். எம்.ஜி.ஏ 1500 இஞ்சினும் அம்பாசடரின் 1489 சி.சி. இஞ்சினும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஒரே பி சீரிஸ் குடும்பம், போர் (சிலிண்டர் விட்டம்) 73 மி.மீ. சொச்சம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9. அதனால் இதன் பிஸ்டன் அதில் போகும், அதன் பிஸ்டன் இதில் போகும். போய்விடுகிறது என்பதுதான் வம்பே. எம்.ஜி.ஏ கம்ப்ரஷன் விகிதம் 8.3, அம்பாசடர் 7.2. ஒரு சிலிண்டருக்கு 372 சி.சி. என்று கணக்குப் போட்டால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் முதலாவதில் 51 சி.சி., இரண்டாவதில் 60 சி.சி. அந்த 9 சி.சி. வித்தியாசம் 150ஐ 125 பக்கம் இறக்கப் போதும்.

இறக்காமலே அளக்கலாம். பிளக் இருக்கும் பக்கத்தை ஜாக் வைத்துத் தூக்குங்கள், காற்று உள்ளே சிக்காமல் இருக்க பிளக் துளைதான் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்து, மருந்துக் கடை சிரிஞ்சால் கெட்டி ஆயிலைத் துளை விளிம்பு வரை விடுங்கள். எத்தனை சி.சி. பிடித்தது என்று எழுதிவையுங்கள். நாலுக்கும் ஒரே ஆயில், ஒரே நிதானம். மொத்த அளவு முக்கியமில்லை, ஒன்றுக்கொன்று வித்தியாசம்தான் முக்கியம். முடிந்ததும் ஆயிலை முழுக்க உறிஞ்சி எடுத்து, பிளக் இல்லாமலே கையால் சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மறந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அந்தச் சாக்கு ராடுதான் எனக்கு உறுத்துகிறது. அதை அப்புறம் பேசுவோம்.

புதுவயல்_மணி:

இவ்வளவு தூரம் போக வேண்டுமா? எங்கள் பக்கம் அம்பாசடர் சாமான் போட்டு எத்தனையோ பழைய வெளிநாட்டு வண்டிகள் ஓடின. ஒரிஜினல் கிடைக்காத காலத்தில் அதுதான் கைகொடுத்தது. கார்புரேட்டரை மட்டும் சரி செய்து, 60க்குள் ஓட்டுங்கள். வாரம் ஒரு நாள் ஓடுகிற வண்டி. ஐயா ஓட்டிய வண்டி கண்ணெதிரே ஓடுகிறதே, அது போதாதா?

கொப்புடையாள்_துணை:

மணி அண்ணே, அம்பாசடர் சாமான் போட்டது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நாலு பிஸ்டனும் அம்பாசடராக இருந்திருந்தால் சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், வண்டி பட்டுப்போல ஓடும். இரண்டு இது, இரண்டு அது என்பதில்தான் பிரச்சினை. நான் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறவள், நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த இஞ்சினில் 1ம் 4ம் சேர்ந்து மேலே போகும், அப்போது 2ம் 3ம் கீழே வரும். 2லும் 4லும் கனமான பிஸ்டன் இருந்தால், ஒன்று மேலே ஒன்று கீழே, எடைக்கு எடை சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். மேலும் கீழுமான விசை சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் அவை இரண்டும் ஒரே இடத்தில் இல்லையே, இடையில் ஒரு சிலிண்டர் இருக்கிறது. நம் வீட்டு ஊஞ்சல் பலகையில் இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்து மாறி மாறி அழுத்தினால் என்ன ஆகும்? அது போல இஞ்சின் முன்னும் பின்னுமாக ஆடும். கியர் ராடு பின் கோடியில் இருப்பதால் கைக்கு முதலில் தெரிகிறது. சுற்று இரண்டு மடங்கானால் இந்த விசை நாலு மடங்காகும். அதனால் 60க்குள் ஓட்டினால் கைக்குத் தெரியாது என்பதற்காக உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ள முடியாது.

பள்ளத்தூர்_பேரன்:

எல்லாரும் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நாலு நாள் கழித்து வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

ஊசி: முன்னதில் ஜி.எஸ்., பின்னதில் எழுத்தே தேய்ந்துபோன வேறு ஊசி. இரண்டையும் பக்கத்தில் பிடித்தால் கண்ணுக்கே தெரிகிறது, பின்னது நடுவில் ஒல்லி. ஆயில் அளவு: 1ம் 3ம் கிட்டத்தட்ட ஒன்று, 2ம் 4ம் அவற்றைவிட 9, 10 சி.சி. கூடுதலாகப் பிடித்தன. அண்ணன் சொன்ன கணக்கு அப்படியே வந்தபோது ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றைக் கலக்கியது.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஹெட்டையும் அடியில் இருக்கும் சம்ப்பையும் (ஆயில் தட்டு) கழற்றி நாலு பிஸ்டனையும் மேல் வழியாக எடுத்துவிட்டேன். நாலிலும் 40 ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிது) என்றுதான் அடித்திருக்கிறது, ஆனால் 2லும் 4லும் தலையில் குழி ஆழம். காரைக்குடியில் தெரிந்த ஒரு நகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். கடைக்காரர் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்தார், தோடு நிறுக்கிற தராசில் பிஸ்டன். 1க்கும் 3க்கும் ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. 2ம் 4ம் 14 கிராம் கூடுதல்.

இனிதான் விஷயம். ராடுகளையும், அவற்றின் கீழ் முனையைக் கிராங்க்கோடு சேர்த்து இறுக்கும் கேப்புகளையும் துடைத்து எண் பார்த்தேன். 1, 2, 3 மூன்றிலும் ராடிலும் கேப்பிலும் அந்தந்த எண்ணே இருக்கிறது. நாலாவதில் ராடில் 4, கேப்பில் 2. அந்த பேரிங்கைப் பிரித்தால் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறது, மறு ஓரம் புதிதாக இருக்கிறது. வண்டி மொத்தம் ஓடியது 300 கி.மீ. கூட இருக்காது. சாக்கில் இருந்த ராடில் 4 என்று தெளிவாக இருக்கிறது. அதன் கேப்பைக் காணவில்லை.

தேவகோட்டை_லேத்:

நிறுத்தினீர்களே, அதுவே பெரிய விஷயம். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் அந்த ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும், ஐயா வண்டியின் சொந்த பிளாக்கும் போயிருக்கும்.

ராடையும் கேப்பையும் சேர்த்து இறுக்கி வைத்துத்தான் பேரிங் உட்காரும் வட்டத்தை அறுப்பார்கள். ஒரு ராடின் கேப் இன்னொன்றுக்கு எண் ஒத்தாலும் சேராது. இந்த இஞ்சினில் பிரிவு நேராக இல்லாமல் சாய்வாக வேறு இருக்கும், கொஞ்சம் விலகினாலும் பேரிங் ஒரு ஓரமாகத்தான் உட்காரும். உங்கள் சொந்த 4 ராடின் கேப் பட்டறையில் எங்காவது கிடக்கிறதா என்று தன்மையாகக் கேட்டுப் பாருங்கள், சண்டை வேண்டாம். கிடைத்தால் சேர்த்து இறுக்கி வட்டத்தை அளந்துவிடலாம். கிடைக்காவிட்டால் கேப்போடு ஜோடியாக இருக்கும் இன்னொரு ராடு தேட வேண்டும். அப்படித் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பிக்எண்ட் (கிராங்க்கைப் பிடிக்கும் ராடின் பெரிய முனை) ஒரு பக்கம் தள்ளியிருக்கும், 1க்கும் 3க்கும் ஒரு வகை, 2க்கும் 4க்கும் மறு வகை. 2, 4 வகைதான் உங்களுக்கு ஆகும்.

பிஸ்டனை நாலும் ஒரே செட்டாக வாங்குங்கள். இரண்டை மட்டும் மாற்றிச் சமாளிக்க வேண்டாம். பிஸ்டனை ராடோடு கோக்கும் கட்ஜன் பின், ராடின் சிறு முனையில் கிளாம்ப் போல்ட்டால் பிடிக்கிற வகை, போல்ட்டுக்கு வழிவிட பின்னின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும். புது செட்டில் அந்த வெட்டு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 4ம் பிக்எண்ட் உட்காரும் கிராங்க் பகுதியையும் மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும், ஓரமாக அழுத்தியதில் கோடு விழுந்திருந்தால் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

புதுவயல்_மணி:

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் தம்பி. கேப் விஷயம் தெரிந்திருந்தால் ஓட்டச் சொல்லியிருக்க மாட்டேன். என் மாமா அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர், அவருடைய கொட்டகையில் பழைய இஞ்சின் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. ராடு எல்லாம் கம்பெனியில் போட்டபடி இருக்கும். அளவும் எடையும் ஒத்துவந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

பள்ளத்தூர்_பேரன்:

மணி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பட்டறையில் கேட்டேன், அந்தக் கேப் கிடைக்கவில்லை. என்னுடைய மூன்று ராடுகளையும் அதனதன் கேப்போடு இறுக்கி, ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி எழுதி வைத்துவிட்டேன். உங்கள் மாமா இஞ்சினில் 2ம் 4ம் இரண்டையும் பார்க்கலாம், எடை எது கிட்ட வருகிறதோ அது. நகைக் கடைக்காரர் தராசோடு இன்னொரு நாள் உட்காரச் சம்மதித்திருக்கிறார். தேவகோட்டை அண்ணே, கிராங்க்கை திங்கள் காலை கொண்டுவந்து தரலாமா?

தேவகோட்டை_லேத்:

கொண்டுவாருங்கள். வண்டியில் படுக்கப்போட்டுக் கொண்டுவர வேண்டாம், நிறுத்தி வைத்துக் கட்டுங்கள். கிராங்க் கூடவே மெயின் பேரிங் கேப்பும் அந்தந்த இடத்து எண் அடையாளத்தோடு வரட்டும், அதையும் ஒரு கண் பார்த்துவிடுகிறேன்.