ஆண்டு இலக்கின் அரையாண்டுக் கணக்கு: நூல்களின் எண்ணிக்கை ஒத்துவரவில்லை, பதிவுகளும் தேங்கிவிட்டன

மழைக்காகிதம் (கேள்வி):
வணக்கம். இந்த ஆண்டு 40 நூல்களை வாசிப்பது, அவற்றுள் பாதியைப் பற்றியாவது வலைப்பதிவில் எழுதுவது என்பது என் இலக்கு. அரையாண்டு முடிந்ததால் கணக்குப் பார்த்தேன். என் குறிப்பேட்டில் 21 நூல்கள் இருக்கின்றன. வாசித்த நூல்களைப் பதிவுசெய்யும் தளமான குட்ரீட்ஸின் ஆண்டுச் சவாலோ 17 என்று காட்டுவதோடு, மூன்று நூல்கள் பின்தங்கியிருப்பதாகவும் சொல்கிறது. பட்டியலைத் தரவிறக்கி ஒப்பிடலாம் என்றால், எக்செலில் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் புரியாத குறியீடுகளாகத் தெரிகின்றன. இன்னொரு சிக்கல் பதிவுகள். இதுவரை ஆறு மட்டுமே வெளியாகியுள்ளன. மற்றவை வரைவிலேயே கிடக்கின்றன. இலக்கைக் குறைப்பதா, ஜனவரியில் வாசித்தவற்றிலிருந்து வரிசையாக எழுதி நிலுவையைத் தீர்ப்பதா?

நூலேணி:
எண்ணிக்கைச் சிக்கல் எளிதில் தீரக்கூடியது. 'வாசித்தவை' அடுக்கில் ஒரு நூல் இருப்பது மட்டும் போதாது. வாசித்து முடித்த தேதி இந்த ஆண்டுக்குள் இருந்தால்தான் சவால் அதை எண்ணும். தேதி இல்லாத நூல்கள் அடுக்கில் நிற்கும், கணக்கில் வராது. தரவிறக்கிய சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் உரையாக வைத்திருக்கும் கோப்பு) நேரடியாக இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செலில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியில் உரைக் கோப்பிலிருந்து தரவைக் கொண்டுவரும் வசதியைத் தேர்ந்து, எழுத்துக் குறியாக்கமாக '65001: யூனிகோட் (யூடிஎஃப்-8)' என்பதைக் கொடுத்தால் தமிழ் சரியாகத் தெரியும், கூகுள் ஷீட்ஸில் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இருக்காது. பிறகு 'டேட் ரீட்' (வாசித்த தேதி) என்ற நெடுவரிசையில் வெற்றாக உள்ளவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஐந்து பாக நாவல் ஏதேனும் வாசித்திருந்தால் அதையும் கவனியுங்கள்: பாகங்களைத் தனித்தனியாகச் சேர்த்தால் ஐந்து, ஒரே தொகுப்பாகச் சேர்த்தால் ஒன்று. எப்படி எண்ணினாலும் சரிதான், ஆனால் குறிப்பேட்டிலும் அங்கும் ஒரே முறை இருக்கட்டும்.

மழைக்காகிதம்:
மிக்க நன்றி. தலைப்புகள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. மூன்று நூல்களுக்குத் தேதியே இல்லை. நான்காவது, சில ஆண்டுகளுக்கு முன் வாசித்து இப்போது மறுவாசிப்பு செய்த நாவல். அதில் பழைய தேதி மட்டுமே இருந்தது. அதை மாற்றாமல், இரண்டாம் வாசிப்பின் தேதியைத் தனியாகச் சேர்த்ததும் எண்ணிக்கை 21 ஆகிவிட்டது.

பின்னட்டை:
பதிவுகளைப் பற்றிச் சொல்கிறேன். 20 பதிவுகளில் ஆறு போக 14 மீதமிருக்கின்றன. 26 வாரங்களில் அவற்றை முடிக்க, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் எழுத வேண்டும். இது எட்டாத வேகம் அன்று, ஆனால் முதல் பாதியில் நீங்கள் எழுதியதைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே இலக்கை மாற்றும் முன் வரைவுகளைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்று பாருங்கள். பலருடைய வரைவுகள் கதைச்சுருக்கம் முடிந்த இடத்தில்தான் நின்றிருக்கும், ஏனெனில் அதற்குமேல் சொல்ல வேண்டியதற்கு நூலை மறுபடி கையில் எடுக்க வேண்டியிருக்கும். ஜனவரியிலிருந்து வரிசையாக எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வட்டி கட்டியே ஓய்ந்துபோகிற கதை. நூலைத் திறக்காமலே ஒரு காட்சியோ ஒரு வாதமோ நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வருகிற நூல்களுக்கு மட்டும் தனிப்பதிவு எழுதுங்கள். ஏனையவற்றை நூலுக்கு நான்கைந்து வரிகளாக ஒரே குறும்பதிவில் சேர்த்துவிடலாம்.

அடிக்குறிப்பு:
மேலே உள்ள நண்பரின் கருத்தோடு ஓரளவே உடன்படுகிறேன். எழுதும் கடமை வாசிப்போடு கட்டப்பட்டிருக்கும்வரை, கை தானாகவே மெல்லிய நூல்களை நோக்கிப் போகும். 90 பக்கக் கவிதைத் தொகுப்பும் 900 பக்க நாவலும் சவாலில் ஒன்று என்றே பதிவாகின்றன அல்லவா? ஸ்டோரிகிராஃப் என்ற இன்னொரு வாசிப்புப் பதிவுத் தளத்தில் பக்கங்களையோ மணிநேரத்தையோ இலக்காக வைக்க முடியும். குட்ரீட்ஸ் பட்டியலை அங்கு இறக்குமதி செய்யவும் வசதி உண்டு.

மழைக்காகிதம்:
பின்னட்டை சொன்னது சரி. ஒன்றைத் தவிர எல்லா வரைவுகளும் கதைச்சுருக்கத்தோடுதான் நின்றிருக்கின்றன. அவற்றில் ஐந்து நூல்களுக்குத் தனிப்பதிவும் மற்றவற்றுக்கு ஒரு குறும்பதிவும் எழுதப் போகிறேன். இனி வாசிக்கும் நூல்களில், வாசிக்கும்போதே அடிக்கோடிட்ட ஒரு பத்தியிலிருந்துதான் வரைவைத் தொடங்குவேன். வாசிப்பு இலக்கு 40 ஆகவே இருக்கட்டும், பதிவுகளை 15 ஆக்கிவிட்டேன். பக்கக் கணக்கை அடுத்த ஆண்டு பார்க்கலாம். கடைசியாக ஒரு சந்தேகம்: பிப்ரவரியில் வாசித்த நூலைப் பற்றிய பதிவுக்குப் பிப்ரவரித் தேதியையே இடலாமா?

நூலேணி:
பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் பின்தேதியிட முடியும், ஆனால் வேண்டாம். பதிவு பழைய மாதத்துக்குள் போய் விழுவதால் முகப்பில் வருகிறவர்களின் கண்ணில் படாது. ஆண்டு இறுதியில் எந்த மாதம் எத்தனை எழுதினீர்கள் என்று பார்க்கும்போதும் கணக்குப் பொய்யாகிவிடும். வெளியிடும் நாளையே தேதியாக வைத்து, வாசித்த மாதத்தை முதல் வரியில் குறிப்பிடுங்கள்.