'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்கிறார் எச்.ஆர்., என்ன செய்வது?

வணக்கம். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தங்கைக்காகக் கேட்கிறேன். அவளுடைய மேலாளர் ஆபாசமாகப் பேசுகிறார், ராத்திரியில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். எச்.ஆரிடம் சொன்னாள். "எழுத்தில் எல்லாம் வேண்டாம்மா, நானே கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன்" என்று அனுப்பிவிட்டார்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர்தான் அதற்குத் தலைவர், வெளியாள் ஒருவரும் உறுப்பினர். சமரசம்கூட அவள் கேட்டால்தான் பேச முடியும். அங்கே நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், அப்படி ஒரு குழுவை யாரும் பார்த்ததில்லை. புகாரைக் குழுவிடம் கொண்டுசேர்ப்பதுதானே எச்.ஆர். வேலை? அமுக்குவது எந்த வகையில் நியாயம்?

கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம் என்றாலும், காத்திருக்க எனக்கு மனமில்லை.

குழுவே இல்லாத நிறுவனத்தில் புகாரை யார் பெயருக்கு எழுதுவது? இதே சட்டப்படி மாவட்ட அளவில் புகார் வாங்கும் உள்ளூர்க் குழுவையோ, இத்தகைய புகார்களுக்கான மத்திய அரசின் ஷி-பாக்ஸ் இணையதளத்தையோ அணுகியவர்கள் இருக்கிறீர்களா? இத்தகைய வழக்குகளைப் பார்க்கும் பெண் வழக்கறிஞரைத் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம்.