குளிர்காலத்தில் கூடார விசிறியை நிறுத்தலாமா, கூடாதா?

மிட்ராண்ட் கறிவேப்பிலை:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறேன், இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். கராஜில் 1.2க்கு 1.2 மீட்டர் அகலத்தில், 2 மீட்டர் உயரத்தில் செடி வளர்க்கும் துணிக் கூடாரம் ஒன்று போட்டிருக்கிறேன். உள்ளே நாலு தொட்டி கறிவேப்பிலை, ஆறு மிளகாய், ஒரு வெற்றிலைக் கொடி. 150 வாட் எல்இடி விளக்கு காலை 6 முதல் இரவு 8 வரை எரிகிறது. வெளியேற்றும் விசிறி நாள் முழுக்க ஓடுகிறது. ஜூன் பிறந்ததும் 1000 வாட் ஆயில் ஹீட்டரையும் உள்ளே வைத்தேன். விடியற்காலையில் கராஜ் 6 டிகிரி. ஹீட்டர் இரவெல்லாம் ஓடியும் கூடாரம் 16ஐத் தாண்டுவதில்லை. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 14 யூனிட் போகிறது. யூனிட் 3 ராண்ட் என்று வைத்தாலே மாதம் 1,260 ராண்ட். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், ரசத்துக்குத் தாளிக்க நாலு இலை பறித்துத் தர வேண்டும் என்று ஆசை. எதைக் குறைப்பது?

பெனோனி மாடித்தோட்டம்:

தம்பி, விசிறியைக் குறையுங்கள். அது 30 வாட்தானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். அது தின்னும் மின்சாரத்தைப் பார்க்காதீர்கள், வெளியே தள்ளும் சூட்டைப் பாருங்கள். உங்களுடையது மணிக்கு 170 கன மீட்டர் இழுக்கும் விசிறி என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்தைவிட இங்கே காற்று லேசு. அதையும் கணக்கில் சேர்த்தால் ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி சூடாக்க 0.28 வாட்-மணி வேண்டும். உள்ளே 16, வெளியே 6, வித்தியாசம் 10 டிகிரி. பெருக்கினால் 476 வாட். ஹீட்டரில் கிட்டத்தட்ட பாதியை அந்தக் குழாய் வழியாகக் கராஜுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைகளில் கூடாரத்தோடு பெரிய விசிறியையும் கரி வடிகட்டியையும் சேர்த்து விற்பது கஞ்சா வளர்ப்பவர்களுக்காக, அதன் வாடை வெளியே போகாமல் இருக்க. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வளர்க்கலாம் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. கறிவேப்பிலை வாசனையை நாம் எதற்கு வடிகட்ட வேண்டும்? வடிகட்டியைக் கழற்றுங்கள். அரை மணிக்கு 5 நிமிடம் விசிறி ஓடினால் போதும், டைமர் மாட்டிவிடுங்கள். 5 நிமிடத்தில் 14 கன மீட்டர் போகும், உங்கள் கூடாரக் காற்று ஐந்து தடவை மாறிவிடும்.

அப்புறம் விளக்கைப் பகலில் எரிக்காதீர்கள். மாலை 6 முதல் காலை 8 வரை எரியட்டும். எல்இடி வாங்கும் 150 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு குளிர் கடுமையாக இருக்கும் நேரத்தில் கிடைக்கட்டும்.

லாடியம் வெற்றிலை:

இந்த யோசனையால் என் கொடி ஒன்று போயிற்று. போன வருடம் ஜூலையில் இதே பேச்சைக் கேட்டு இரவு 10 முதல் காலை 6 வரை விசிறியை நிறுத்தினேன். காலையில் கூடாரச் சுவரில் தண்ணீர் வழியும். இரண்டாவது வாரத்தில் வெற்றிலையில் கரும்புள்ளி, அதற்கப்புறம் தண்டழுகல். அப்பா வைத்து வளர்த்த கொடியின் பதியன் அது, இன்னொன்று இல்லை. மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்தது அந்த மாதம் சில நூறு ராண்ட்.

கரியமில வாயுவையும் மறந்துவிட்டீர்கள் அண்ணே. அந்தக் கூடாரக் காற்றில் இருப்பது 2 கிராம்கூட இல்லை. இரவெல்லாம் விளக்கை எரியவிட்டுக் காற்றையும் அடைத்தால் செடி எதைச் சாப்பிடும்? காற்று நிற்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

பெனோனி மாடித்தோட்டம்:

உங்கள் கொடி போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் எட்டு மணி நேரம் அடைப்பதும் அரை மணிக்கு ஒருமுறை திறப்பதும் ஒன்றல்ல. ஹைவெல்டில், அதாவது நம் மேட்டுநிலத்தில், குளிர்காலம் என்றால் வறண்ட காலம். 6 டிகிரிக் காற்று முழுக்க நனைந்திருந்தால்கூட கன மீட்டருக்கு 7 கிராம் நீர்தான் தாங்கும். அதே காற்று 16 டிகிரிக்குச் சூடானால் 13 கிராமுக்கு மேல் தாங்கும். வெளிக்காற்று கொஞ்சம் வந்தாலே ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடும். இந்தச் செடிகள் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாக்கினால் மணிக்கு 42 கிராம். நான் சொன்ன டைமரில் மணிக்கு 28 கன மீட்டர் மாறுகிறது. தாராளமாகப் போதும்.

லாடியம் வெற்றிலை:

அளவில் எனக்குச் சண்டை இல்லை. டைமர் வேண்டாம் என்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை 6 டிகிரிக் காற்று பாய்ந்து வந்தால் வெற்றிலைக் கொழுந்து அடிபடும், இடையில் 25 நிமிடம் ஈரம் ஏறும். அதே 28 கன மீட்டரை வேகத்தைக் குறைத்து நிதானமாக, நிற்காமல் இழுங்கள். சாதாரண விசிறியில் விளக்கு மங்கவைக்கும் ரெகுலேட்டரைப் போட்டால் மோட்டார் உறுமிச் சூடாகும். வேகக் கட்டுப்பாட்டோடு வருகிற இசி (மின்னணு முறையில் ஓடும்) மோட்டார் விசிறியாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே கிளிப் விசிறி ஒன்று எந்நேரமும் சுற்றட்டும். அது சூட்டை வெளியே தள்ளாது, இலையில் ஈரம் தங்கவும் விடாது.

இன்னொன்று. அண்ணன் விசிறியை மட்டும் கணக்குப் பார்த்தார். கூடாரத் துணி வெறும் துணிதான். சுவரும் கூரையும் 11 சதுர மீட்டர், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 44 வாட் கசியும். 10 டிகிரிக்கு 440. விசிறி தின்பதும் சுவர் தின்பதும் கிட்டத்தட்ட சமம். 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் பலகையை வெளிப்பக்கம் சுற்றிலும் கட்டினால் அந்த 440 சுமார் 120 ஆகும். சிமெண்ட் தரையிலும் ஒன்று போடுங்கள். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

டர்பன் தோட்டம்:

எல்லாவற்றையும் படித்தேன், எனக்கு மனம் ஒப்பவில்லை. சாட்ஸ்வர்த்தில் எங்கள் வாசலில் நிற்கும் கறிவேப்பிலை என் பாட்டி வைத்தது. குளிரில் கொஞ்சம் இலை உதிர்க்கும், ஆகஸ்ட் கழிந்தால் தானாகத் துளிர்க்கும். செடிக்கும் உறக்கம் உண்டு. உறங்குகிற செடியை ஏன் விளக்குப் போட்டு எழுப்ப வேண்டும்? பனி படாத இடத்தில் வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைத்து விட்டுவிடுங்கள். தேவையான இலையை மார்ச்சிலேயே பறித்துக் கழுவி உலர்த்தி ஃப்ரீசரில் வைக்கலாம். மின்நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023 ஏப்ரலில் 18.65 சதவீதம், 2024 ஏப்ரலில் 12.74 சதவீதம் ஏறியதை மறந்துவிட்டீர்களா?

மிட்ராண்ட் கறிவேப்பிலை:

அக்கா, உங்கள் ஊரில் ஜூலையில்கூட இரவு 11, 12 டிகிரி இருக்கும். இங்கே தரையெல்லாம் வெள்ளையாகப் பனி உறைகிறது. 2023 ஜூலை 10 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் பனிமழையே பெய்தது. கறிவேப்பிலை உறங்கட்டும், சரி. வெற்றிலை உறங்காது, செத்துப்போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் சிறிய எரிவாயு ஹீட்டரை உள்ளே வைத்தால் செலவு பாதி என்கிறார். வைக்கலாமா?

லாடியம் வெற்றிலை:

வேண்டவே வேண்டாம். அடைத்த இடத்தில் எரிவாயுவோ மண்ணெண்ணெயோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாடை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு இருந்தால் அம்மா தூங்கும் அறை வரைக்கும் போகும். போதாததற்கு எரியும்போது நீராவியும் வரும், இதுவரை பேசிய ஈரக் கணக்கெல்லாம் வீணாகும்.

பெனோனி மாடித்தோட்டம்:

இதில் நானும் உங்கள் பக்கம்தான். தம்பி, ஆயில் ஹீட்டரையும் மல்டிபிளக்கில் செருகாதீர்கள். என்னுடையது ஒரு இரவில் உருகி வழிந்தது, வாடை வந்து எழுந்ததால் தப்பித்தோம். நேரே சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். தெர்மோகோலும் எளிதில் தீப்பிடிக்கும், சூடான எதுவும் அதன் அருகில் வேண்டாம். தொட்டிக்கு அடியில் 20 வாட் சூட்டுப் பாய் இரண்டு போடுங்கள். வேர் சூடாக இருந்தால் மேலே காற்று 16 இருந்தாலும் மிளகாய் தாங்கும். லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) திரும்பி வந்தாலும் கிளிப் விசிறியையும் பாயையும் சிறிய பேட்டரியில் ஓட்டிவிடலாம், ஹீட்டரை ஓட்ட முடியாது.

மிட்ராண்ட் கறிவேப்பிலை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தெர்மோகோல் கட்டியாயிற்று, விளக்கு இரவுக்கு மாறிவிட்டது, பாய் இரண்டு, கிளிப் விசிறி ஒன்று. வடிகட்டியைக் கழற்றிவிட்டேன். இசி விசிறிக்கு இப்போது பணம் இல்லாததால் அண்ணன் சொன்ன டைமர். ஹீட்டருக்கு 16 டிகிரியில் தெர்மோஸ்டாட் வைத்தேன், கடும் குளிர் இரவுகளில் மட்டும் சிறிது நேரம் ஓடுகிறது. மீட்டரில் ஒரு நாளைக்கு 14 இருந்தது 5 யூனிட்டுக்குக் கீழே வந்துவிட்டது. நேற்று ரசத்துக்கு நம் வீட்டு இலை.

ஆனால் காலை 5 மணிக்குப் பின்பக்க மூலையில் ஈரப்பதம் 84 காட்டுகிறது, நடுவில் 66தான். கொடி அந்த மூலையில்தான் இருக்கிறது.

லாடியம் வெற்றிலை:

கொடியை இன்றைக்கே அங்கிருந்து நகர்த்துங்கள். கிளிப் விசிறியை அந்த மூலைக்குத் திருப்பிவிட்டு, நாளைக் காலை 5 மணி அளவை இங்கே போடுங்கள். 75க்கு மேல் இருந்தால் டைமரை அரை மணிக்கு 8 நிமிடம் ஆக்குங்கள், அண்ணன் என்ன சொன்னாலும் சரி.

பெனோனி மாடித்தோட்டம்:

8 நிமிடம் சரிதான், நானும் அதையே சொல்வேன். தெர்மோகோல் அந்த மூலையில் விலகி இருக்கிறதா என்றும் கையை வைத்துப் பாருங்கள்.